மெலிய வைப்பதா, கொழுக்க வைப்பதா? சிறுநீரகப் புற்றுநோயும் வயிற்றுக் கொழுப்பும்

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 58. சலக்கல் என்று நினைத்து ஸ்கான் பண்ணப் போன இடத்தில், இடது சிறுநீரகத்தில் 5 சென்ரிமீற்றர் கட்டி ஒன்று தெரிந்திருக்கிறது. சி.ரி. ஸ்கானும் எடுத்தாயிற்று, ஒப்பரேஷனுக்குத் திகதியும் கிடைத்துவிட்டது. இதற்கிடையில் கனடாவில் இருக்கும் அண்ணா, "கிட்னி கான்சர் வந்த ஆக்களில உடம்பு வைச்ச ஆக்கள்தான் கூடக் காலம் இருக்கினம், அம்மாவுக்கு நல்லாச் சாப்பாடு குடு" என்கிறார். பெரியம்மா, "அந்த வண்டிக் கொழுப்புத்தான் இந்த வருத்தத்தைக் கொண்டு வந்தது, சோத்தை நிப்பாட்டு" என்கிறார். அம்மா பயத்தில் ஒரு நேரக் கஞ்சியோடு நாளைக் கடத்துகிறார். நிறை 54 கிலோ, உயரம் 150 சென்ரிமீற்றர், வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளி இருக்கிறது.

விளக்கம் எல்லாம் பிறகு. முதலில் அந்த ஒரு நேரக் கஞ்சியை இன்றைக்கே நிற்பாட்டுங்கள். ஒப்பரேஷனுக்குப் போகப் போகிற ஒருவர் பட்டினி கிடந்தால் முதலில் கரைவது வண்டி இல்லை. கையிலும் காலிலும் இருக்கும் தசைதான். காயம் ஆறுவதற்கும், கட்டிலால் எழும்பி நடப்பதற்கும், சளி பிடிக்காமல் இருமித் துப்புவதற்கும் அந்தத் தசைதான் வேண்டும்.

அண்ணா சொன்னதும் பெரியம்மா சொன்னதும் இரண்டும் வெறும் கதை இல்லை. ஆளுக்குப் பாதி உண்மையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பெரியம்மாவின் பாதியைப் பார்ப்போம். உடற்பருமன் சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதில் இப்போது சந்தேகம் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல், அதிக உடற்கொழுப்போடு தொடர்பு உறுதியாகத் தெரிகிற 13 வகைப் புற்றுநோய்களைச் சொன்னது. சிறுநீரகம் அதில் ஒன்று. புகைத்தலும் பிரஷரும் கூடவே நிற்கிற மற்ற இரண்டு காரணங்கள். ஆனால் இது வருவதற்கு முந்திய கதை. வந்த பிறகு என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி. அங்கேதான் அண்ணாவின் பாதி வருகிறது.

அதே 2016இல், சிறுநீரகப் புற்றுநோய் உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவிய பிறகு மருந்து எடுத்த 1975 பேரின் தரவுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து பார்த்தார்கள். உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி, அதுதான் எல்லோரும் சொல்கிற பி.எம்.ஐ., 25ம் அதற்கு மேலும் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 25.6 மாதம். 25க்குக் கீழே இருந்தவர்களுக்கு 17.1 மாதம். மற்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. இப்படி எதிர்மாறாக வருவதை ஆய்வாளர்கள் 'பருமன் முரண்' என்று சொல்கிறார்கள். அண்ணா எங்கேயோ வாசித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அப்படியென்றால் கொழுக்க வைத்தால் நல்லதுதானே? இல்லை. அந்த எண் எப்படி வந்தது என்று பார்த்தால் ஏன் இல்லை என்பது விளங்கும்.

புற்றுநோய் முற்றினால் ஆளை மெலிய வைக்கும். ஒருவர் வைத்தியசாலைக்கு வரும்போதே மெலிந்திருந்தால், நோய் ஏற்கெனவே ஆளைத் தின்னத் தொடங்கியிருக்கலாம். அவர் சீக்கிரம் இறந்ததற்குக் காரணம் மெலிவு இல்லை, மெலிய வைத்த நோய். கணக்கில் மட்டும் "மெலிந்தவர் சீக்கிரம் இறந்தார்" என்றுதான் பதிவாகும். அடுத்தது, உடம்பு வைத்தவர்கள் பிரஷர், சலரோகம் என்று கிளினிக் கொப்பியோடு அடிக்கடி போய் வருபவர்கள். போகிற இடத்தில் ஸ்கான் பண்ணுவார்கள், கட்டி சின்னதாக இருக்கும்போதே தெரிந்துவிடும். உங்கள் அம்மாவின் கட்டி சலக்கல்லைத் தேடப் போய்த் தெரிந்தது போல.

மூன்றாவது காரணம் கட்டியின் குணத்தோடு சம்பந்தப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பங்கு 'தெளிகல' வகை. அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்கிறேன். இந்தக் கலங்கள் உள்ளே கொழுப்பையும் கிளைக்கோஜனையும் நிரப்பி வைத்திருக்கும். ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் வைக்கத் தயாரிக்கும்போது அவை கரைந்து போய்விடும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கூடு மாதிரித் தெளிவாகத் தெரியும். அதாவது இந்தக் கட்டியே கொழுப்போடு உறவு வைத்திருக்கிற கட்டி. பருமனான ஆட்களில் வரும் தெளிகலக் கட்டிகளில், கொழுப்பைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு குறைவாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். அது குறைவாக வேலை செய்கிற கட்டிகள் மெதுவாகப் போகிறவை. ஆகவே பருமனான உடம்பில் முளைக்கிற கட்டி கொஞ்சம் சாதுவான கட்டியாக இருக்கலாம். இது கட்டி முளைத்து வளர்ந்த காலத்துக் கதை. இன்றைக்குத் தொடங்கி ஒரு மாதம் கொத்துரொட்டியும் மாப்பாலும் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கிற கட்டி சாதுவாக மாறும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை.

நான்காவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தராசுக்குக் கண் இல்லை. நிறையைச் சொல்லும், அந்த நிறை எதனால் ஆனது என்று சொல்லாது.

வன்னியில் வேலை செய்த காலத்தில் ஒரே கிழமையில் இரண்டு பேரின் ஸ்கானைப் பார்த்தது நினைவில் இருக்கிறது. இரண்டு பேரும் 68 கிலோ, உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒருவர் வயலில் மண்வெட்டி பிடித்தவர், மற்றவர் நாள் முழுதும் கல்லாவில் இருந்தவர். சி.ரி. ஸ்கான் என்பது ஒரு றாத்தல் பாணைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் பார்ப்பது போன்றது. தொப்புள் மட்டத்துக்குக் கிட்ட, மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு தெரிகிற துண்டை எடுத்தால் உடம்பின் கொழுப்பையும் தசையையும் அதிலேயே அளந்துவிடலாம். எலும்பு வெள்ளை, தசை சாம்பல், கொழுப்பு கறுப்புக்குக் கிட்டின நிறம். வயல்காரரின் படத்தில் முதுகந்தண்டின் இரு பக்கமும் தசை இரண்டு கைமுட்டி மாதிரித் திரண்டு நின்றது. தோலுக்குக் கீழே மெல்லிய கறுப்பு வளையம், குடலைச் சுற்றிக் கொஞ்சக் கறுப்பு, அவ்வளவுதான். கடைக்காரரின் படத்தில் குடல் கறுப்புக்குள் மிதந்தது. தசை ஒடுங்கி, அதற்குள்ளும் கறுப்புக் கோடுகள் ஓடின. தராசில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

கொழுப்பு எங்கே இருக்கிறது என்று ஏன் பார்க்க வேண்டும் என்றால், இடத்துக்கு இடம் அதன் வேலை மாறுகிறது. தோலுக்குக் கீழே, தொடையிலும் இடுப்பிலும் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சேமிப்பு, பெட்டகத்தில் போட்ட நெல் மாதிரி. வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து வடியும் இரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்களை அது சுரக்கிறது, இன்சுலின் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. சலரோகமும் பிரஷரும் வண்டியோடு சேர்ந்து வருவது இதனால்தான்.

பெண்களில் இது தனிக் கதை. மாதவிடாய் நிற்கும் வரை கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் சேரும். நின்ற பிறகு வயிற்றுக்குள் சேரத் தொடங்கும். 58 வயதில் "முந்தி எனக்கு வயிறே இல்லை, இப்பதான் வைச்சது" என்று அம்மா சொன்னால் அது இதுதான். 2018இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறுநீரகப் புற்றுநோய் வந்த 145 ஆண்கள், 77 பெண்களின் ஸ்கான்களை எடுத்து இந்தக் கொழுப்பைப் பிரித்து அளந்தார்கள். ஆண்களில் வயிற்றுக்குள் இருந்த கொழுப்புக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. பெண்களில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. வயிற்றுக்குள் கொழுப்புக் கூடின பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றரை வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். குறைந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வருடம் கழிந்தும் உயிரோடு இருந்தார்கள். கொழுப்பும் கூடி, கட்டியும் சீனியை வேகமாக எரிக்கிற வகையாக இருந்த பெண்களின் நிலைமை இன்னும் மோசம்.

இதை வாசித்துப் பயந்துவிடாதீர்கள். 77 பெண்கள் என்பது சின்னத் தொகை, பழைய ஸ்கான்களை எடுத்துப் பார்த்தது, எல்லா நிலை நோயாளிகளும் அதற்குள் இருந்தார்கள். நோய் பரவியவர்களை மட்டும் எடுத்துச் செய்த வேறு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. ஒன்றில் வயிற்றுக் கொழுப்புக் கூடியவர்களுக்கு மருந்து குறைவாகப் பிடித்தது, இன்னொன்றில் அவர்களே கூடக் காலம் இருந்தார்கள். ஆகவே அம்மாவின் வயிற்றைப் பார்த்து இத்தனை வருடம் என்று யாரும் கணக்குச் சொல்ல முடியாது, சொன்னால் நம்பவும் வேண்டாம். ஆயுளைத் தீர்மானிப்பதில் முதல் இடம் கட்டியின் அளவுக்கும், அதன் கலங்கள் எவ்வளவு மூர்க்கமானவை என்று சொல்லும் தரத்துக்கும், அது பரவியிருக்கிறதா என்பதற்கும்தான். கட்டி 7 சென்ரிமீற்றருக்குள், சிறுநீரகத்துக்கு வெளியே போகாமல் நின்றால் அதை முதலாம் நிலை என்கிறோம். அம்மாவின் 5 சென்ரிமீற்றர் அப்படி நிற்கிறது என்றால் நம்பிக்கைக்கு நல்ல இடம் இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் நிற்கும்போதே பிடிபட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு.

சிறுநீரகத்துக்கென்று சொந்தமாக ஒரு கொழுப்புப் போர்வையும் உண்டு. எல்லோருக்கும் இருக்கும், மெலிந்தவர்களுக்கும்தான். கட்டி அந்தப் போர்வைக்குள் நுழைந்துவிட்டால் நிலை மூன்றாகிவிடும். அதனால்தான் சி.ரி. ரிப்போட்டில் அந்தக் கொழுப்பைப் பற்றி ஒரு வரி தனியாக எழுதுவார்கள். சிலருக்கு அந்தப் போர்வை பலாக்காய்ப் பால் பட்டது மாதிரிச் சிறுநீரகத்தோடு ஒட்டிப் போயிருக்கும். அப்படியானால் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கஷ்டம். வயிற்றுக்குள் கொழுப்புக் கூடியவர்களில் இந்த ஒட்டலும் கூடுதலாகக் காணப்படுகிறது.

இனித் தசைக்கு வருவோம். சிறுநீரகத்துக்குள்ளேயே நின்ற கட்டிக்காகச் சிறுநீரகத்தை முழுதாக எடுத்தவர்களை அமெரிக்காவின் மேயோ கிளினிக் வைத்தியசாலை ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஸ்கானில் தசை குறைந்திருந்தவர்கள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. அந்தக் கடைக்காரர் மாதிரி, பார்வைக்கு உடம்பு வைத்து உள்ளே தசை ஒடுங்கினவர்கள் எங்கள் ஊரில் கூடிக்கொண்டு வருகிறார்கள். முந்தி வரம்பு கட்டுவதும் அரிவு வெட்டுவதும் சூடடிப்பதும் கையால் நடந்தன. இப்போது அறுவடை மெஷின் வந்து ஒரு நாளில் முடித்துவிட்டுப் போகிறது. கடைக்குப் போவது மோட்டார் சைக்கிளில். சாப்பாடு மட்டும் அதே குவியல் சோறு, அதோடு பாணும் சீனித் தேத்தண்ணியும். தெற்காசிய உடம்பு குறைந்த நிறையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும். அதனால்தான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 23 தாண்டினாலே கவனிக்கச் சொன்னது. அம்மாவுக்கு அது 24. மேலைநாட்டு அட்டவணையில் பார்த்தால் சரியான நிறை, எங்கள் கணக்கில் கொஞ்சம் கூட.

அண்ணாவுக்கு இதையும் சொல்லுங்கள். அவர் வாசித்த ஆய்வில் அம்மா 'உடம்பு வைத்தவர்' கூட்டத்தில் வரமாட்டார். 24 என்பது 25க்குக் கீழே. அப்படியென்றால் அவர் மெலிந்தவர்களோடு சேர்ந்து ஆபத்தில் இருக்கிறார் என்று அர்த்தமும் இல்லை. அந்தக் கோட்டுக்கு அம்மாவின் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தராசை விட நல்ல அளவுகளை வீட்டிலேயே எடுக்கலாம். தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், அம்மா சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கிற நேரம், இறுக்காமல் சுற்றி அளவுங்கள். வயிற்றை உள்ளே இழுக்க விடாதீர்கள், எல்லோரும் இழுப்பார்கள். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. அப்புறம் கெண்டைக்காலின் தடித்த இடத்தை அளவுங்கள். பெண்களில் 33 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் தசை போதாது என்று சந்தேகப்படலாம். கடைசியாக ஒரு கதிரையில் இருத்தி, கையை நெஞ்சில் கட்டச் சொல்லி, ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் எடுத்தால் காலில் பலம் குறைவு. விழாமல் பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். இந்த மூன்று எண்ணையும் திகதியோடு கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு தரம் திரும்ப எடுங்கள்.

ஒப்பரேஷனுக்கு முந்திய நாட்களில் மெலிய வைக்கவும் வேண்டாம், கொழுக்க வைக்கவும் வேண்டாம். தசையைக் காப்பாற்றுங்கள். மூன்று நேரமும் சாப்பிட வேண்டும், சோற்றின் பங்கைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் மீன், முட்டை, பயறு, கடலை, கீரை. குளத்து மீன் நல்லது, விரால் கிடைத்தால் இன்னும் நல்லது, பொரிக்காமல் குழம்பாக. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிற புற்றுநோயாளிக்குக் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும் என்பது பொது அளவு, அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் வரும். ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கிற கிரியேற்றினின் அளவு அவருக்குக் கூடியிருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதை டொக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். சீனித் தேத்தண்ணி நாளுக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் சீனி மட்டுமே 40 கிராமுக்கு மேல். வண்டிக்குப் போகிற தீனியில் முதலில் வெட்ட வேண்டியது இது. காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் அரை மணி நேரம் நடக்கட்டும். அதே கதிரையில் எழும்பி இருப்பதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை பத்துப் பத்துத் தரம் செய்யட்டும்.

ஒப்பரேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதம் போனதும் இடுப்பளவை மெதுவாகக் குறைக்கலாம். அப்போதும் கெண்டைக்கால் அளவு குறையாமல் இடுப்பளவு மட்டும் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் காட்டுங்கள். ஒன்றும் முயற்சிக்காமலே ஆறு மாதத்துக்குள் 3 கிலோ குறைந்தாலும் அப்படித்தான். "நல்லா மெலிஞ்சிட்டா, வடிவா இருக்கிறா" என்று சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம்.

பெரியம்மா இன்னொன்றும் கேட்டதாக எழுதியிருந்தீர்கள், இது வவுனியாப் பக்கம் கமக்காரருக்கு வருகிற கிட்னி வருத்தம்தானா என்று. இல்லை. அது காரணம் முழுதாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய், இரண்டு சிறுநீரகமும் மெல்ல மெல்லச் சுருங்கும். அதிகம் வருவது வயலில் வேலை செய்கிற மெலிந்த ஆண்களுக்கு. இது ஒரு பக்கத்தில் வந்த கட்டி. ஆனால் உங்கள் பகுதியில் இருப்பவர் என்பதால், ஒன்றை எடுத்தால் மற்றச் சிறுநீரகம் தனியே தாக்குப் பிடிக்குமா என்று ஒப்பரேஷனுக்கு முதல் கட்டாயம் கேளுங்கள். கட்டியை மட்டும் எடுக்கலாமா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தது.

அந்த மிச்சச் சிறுநீரகத்துக்காக இரண்டு விடயம். முழங்கால் நோவுக்குப் பார்மசியில் கேட்டு வாங்குகிற டைக்குளோபினாக் மாதிரியான குளிசைகள் இனி வேண்டாம், பனடோல் அளவோடு போடலாம். நாட்டு மருந்து எடுக்கிறவராக இருந்தால் அதில் ஆடுதீண்டாப்பாளை இருக்கிறதா என்று வைத்தியரிடம் நேரே கேளுங்கள். அந்தச் செடியில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், சலப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். நாட்டு வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஒரு செடி விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஆனால் நான் எங்கள் ஊர் ஆட்கள் எல்லோரிடமும் கேட்கிற ஒன்று. அம்மாவின் உடம்பில் ஷெல் துண்டு ஏதாவது இன்னும் இருக்கிறதா? 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எத்தனையோ பேர் அதைச் சுமந்துகொண்டு மறந்தே போய்விட்டார்கள். சி.ரி. ஸ்கானில் அது படத்தைக் குழப்புமே தவிர ஆளுக்கு ஆபத்து இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் காந்தம் அந்த இரும்பை இழுக்கக்கூடும். எந்த இடத்தில், எத்தனை என்று தெரிந்த மட்டும் ஒரு துண்டில் எழுதி, ஸ்கான் அறைக்குள் போக முதல் அங்கே இருப்பவரின் கையில் கொடுங்கள். பழைய எக்ஸ்றே படம் வீட்டில் கிடந்தால் அதையும் கொண்டுபோங்கள்.